ஆறாம் மாடியின் மகள் கீழே போனாள்

எங்கள் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவருக்கு ஆறாம் மாடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்தில் அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்தான்.

நான் தரைத்தளத்தில் சீட்டு எழுதுகிறவள். என் ஜன்னலுக்கு நேர் எதிரே லிஃப்ட். வருகிறவரின் பெயர், வயது, எங்கே வலி என்று எழுதி, மாடி எண்ணைச் சொல்லி அனுப்புவது என் வேலை. அந்த மாடியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. நடுவில் பத்தடி தூரம். அதனால் அந்த மனிதரைப் பற்றி அவருடைய மனைவியைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் மண் விழுந்ததையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஆறாவது மாடியில் இதயம். ஐந்தாவதில் மூளை. நாலாவதில் எலும்பு. மூன்றாவதில் பிரசவம். இரண்டாவதில் கண், காது. முதல் மாடியில் பல்லும் தோலும். தரைத்தளத்தில் மருந்து கொடுக்கும் இடமும் நானும். எங்களுக்கும் கீழே ஒன்று இருக்கிறது, கீழ்த்தளம். அங்கே வரிசையாக மூன்று கதவுகள்: சலவைப் பிரிவு, பிசியோதெரபி, பிணவறை.

கட்டடம் கட்டியவன் இடம் இருந்த இடத்தில் எதையோ வைத்துவிட்டுப் போனான். நம்ம ஆள் அதை மனித குலத்தின் தர வரிசை என்று எடுத்துக்கொண்டார். இதய டாக்டர் வந்தால் ஸ்டூலிலிருந்து முழுசாக எழுந்து நிற்பார். எலும்பு டாக்டருக்குப் பாதி எழுந்திருப்பார். பல் டாக்டருக்குத் தலை மட்டும் அசையும். ஆறாவது பொத்தானை ஆள்காட்டி விரலால், தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி அழுத்துவார். கீழ்த்தளப் பொத்தானுக்கு விரலைக்கூடச் செலவழிக்க மாட்டார். உட்கார்ந்தபடியே முழங்கையால் ஒரு இடி. ஆஸ்பத்திரிக்கு வெளியிலும் அவருக்கு இதே கணக்குதான். "என் தம்பி பையன் ஒரு மூணாவது மாடி ஆளு அக்கா. அதுக்கு மேல ஏற மாட்டான்" என்பார். ஒரு நாள் என்னிடமே, "நீங்க தரைத்தளம்தான். ஆனா நல்லவங்க" என்றார். நன்றி சொல்வதா, சீட்டுக் கட்டைத் தலையில் வீசுவதா என்று தெரியாமல் சிரித்து வைத்தேன்.

இந்தப் பெரிய மனிதர் கட்டிக்கொண்டு வந்தவள் வேலை பார்ப்பது எங்கே தெரியுமா? கீழ்த்தளத்தில். சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை தொங்குகிறது: ‘நோயாளிகளுக்கு மட்டும். ஊழியர்கள் படியைப் பயன்படுத்தவும்.’ அந்தப் பலகையை அவர் டாக்டருக்குக் காட்டியதில்லை, நர்ஸுக்குக் காட்டியதில்லை, ஓசியில் தேநீர் கொண்டுவருகிற கடைக்காரருக்குக் காட்டியதில்லை. மனைவிக்கு மட்டும் காட்டினார். "நாளைக்கு நாலு பேர் பொண்டாட்டிக்குச் சலுகைன்னு பேசக் கூடாது பாருங்க" என்று எனக்கு விளக்கம் வேறு. மடித்த விரிப்பு மூட்டைக்குத் தடை இல்லை. ஆகவே மூட்டை லிஃப்டில் சொகுசாக மேலே போகும். அதை மடித்தவள் படியேறிப் போய் மேலே வாங்கிக்கொள்வாள். பதினோரு வருஷமாக இந்த நீதி நடந்தது.

அவர்களுக்கு ஒரே மகள். ஆறாவது படிக்கிற நாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவிடம் வந்துவிடுவாள். சலவைப் பிரிவில் சூடு தாங்காது. அதனால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறை வாசலில் போய் உட்காருவாள். பக்கத்து அறைதான் பிசியோதெரபி. ஒரு பெரிய கண்ணாடி, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்க நீளமான கம்பிகள், சுவரில் தோளைச் சுற்றுவதற்கு ஒரு சக்கரம், நாலே நாலு படி உள்ள ஒரு மரப்படி. ஏறி நின்றால் எங்கேயும் போகாது. மறுபக்கம் இறங்கத்தான் வேண்டும். அந்த அறையின் மேடம் குட்டையானவர், கட்டையான கைகள், சந்தைக்குக் கேட்கிற குரல். கெஞ்சுகிறவரையும் விட மாட்டார், அழுகிறவரையும் விட மாட்டார். "இன்னும் மூணு தரம்" என்பார். மூன்று முடிந்ததும், "இன்னும் மூணு தரம்." நம்ம பெண் ஏழு வருஷம் வீட்டுப்பாடம் எழுதினது இந்தக் கூச்சலுக்கு நடுவில்.

பன்னிரண்டாவது தேர்வு முடிவு வந்தது. நல்ல மதிப்பெண். ஆறாம் மாடி எனக்கு இனிப்புக் கொடுத்துவிட்டு, "டாக்டருக்கு கொஞ்சம் கொறையுது அக்கா. பரவாயில்ல. மயக்க மருந்து டெக்னீஷியன் படிப்பு இருக்காம். ஆபரேஷன் தியேட்டர்ல நிக்கலாம். தியேட்டர் இருக்கிறது அஞ்சாவது மாடி!" என்றார். அஞ்சு என்று சொல்லும்போது அவர் தலை தானாகக் கூரையைப் பார்த்தது.

அன்று சாயங்காலம் மகள் படியேறி வந்து, என் ஜன்னல் ஓரத்தில் நின்று, அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

"நான் பிசியோ படிக்கப் போறேன்பா."

லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டிருந்த அவர் கை நழுவியது. கதவு ஒரு நோயாளியின் தோளில் இடித்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"எங்கே, கீழயா?"

"படிப்புப் பேரு பிசியோதெரபி. கீழ மேலன்னு இல்ல."

"கீழ மேல இல்லேன்னு எங்கிட்டயே சொல்றியா? இருபத்திரண்டு வருஷமா ஊரையே மேல ஏத்திக்கிட்டு இருக்கேன். பெத்த பொண்ணு கீழ போறேங்கிறா! கை காலைப் பிடிச்சு விடுறதுக்கு ஒரு காலேஜா?"

"பிடிச்சு விடுறது இல்லப்பா. நடக்க வைக்கிறது."

அப்போதுதான் அவர் தன் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். "நடக்க வைக்கிறாங்களா? யாரை? கீழ போனவன் எவனாச்சும் நல்லாகி வந்து நான் பாத்திருக்கேனா? முதல் நாலு வாரம் வீல்சேர்ல வருவான். எறக்கி விடுவேன், ஏத்தி விடுவேன். அஞ்சாவது வாரம் ஆளே இருக்க மாட்டான். அந்தக் கொத்தனார் என்ன ஆனான்? சாரத்திலேருந்து விழுந்தானே, என்னென்னமோ பேசிட்டு வருவானே, அவன் எங்கே? பக்கத்துக் கதவு என்ன கதவுன்னு உனக்கே தெரியும். நான் வாயைத் தொறந்து சொல்லணுமா?"

மகள் சிரிக்காமல் பதில் சொன்னாள். அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்தது. "அஞ்சாவது வாரம் மேடம் லிஃப்டுக்குத் தடை போட்டுடுவாங்கப்பா. அந்த மரப்படியை ஒழுங்கா ஏறி எறங்கிட்டா, அப்புறம் வர்றதும் போறதும் பின்வாசல் படியிலதான். எல்லாரும் படியில போயிடுறாங்க. அதனால உங்க கண்ணுல படுறதில்ல."

ஆறாம் மாடி என்னைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களா அக்கா? நடக்க முடியாதவன் லிஃப்ட் இருக்கும்போது படியில போறானாம். யாரு காதுல பூ சுத்துற?"

உலகத்தில் ஒருவன் லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறுவான் என்பது அவர் புத்திக்கு எட்டாத விஷயம். மனைவியை ஏற வைத்தார் என்றால் அது பலகையின் ஆணை. தானாக எவன் ஏறுவான்? பின்வாசல் படி என் ஜன்னலிலிருந்தும் தெரியாது. மருந்து கொடுக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஆனால் நான் அந்தப் பெண் சொன்னதை நம்பினேன். அவர் நம்பவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றால் மூன்றே கால்தான்.

ஒரு வாரம் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. அந்த ஒரு வாரத்தில் அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. என் ஜன்னலுக்குப் பக்கத்தில் உள்ள போனிலிருந்து ஒவ்வொரு கல்லூரியாகக் கூப்பிட்டாள். முதலில் படிப்பைத் தீர்மானம் பண்ணினாள். இரண்டு வருஷம் படித்தால் உதவியாளர். நாலரை வருஷம் படித்தால் பட்டம், அதில் கடைசி ஆறு மாசம் ஆஸ்பத்திரியிலேயே வேலை. சீக்கிரம் முடிகிறதே என்று நான் இரண்டு வருஷத்துக்குப் பரிந்து பேசினேன்.

"இல்ல அத்தை. ரெண்டு வருஷம் படிச்சா, என்ன செய்யணும்னு இன்னொருத்தர் எனக்குச் சொல்லணும். நாலரை வருஷம் படிச்சா நானே பாத்து முடிவு பண்ணலாம். வீட்டுல எனக்குச் சொல்றதுக்கு ஒருத்தர் இருக்கார், போதும்" என்றாள்.

பிறகு எல்லாக் கல்லூரியிடமும் ஒரே கேள்வி கேட்டாள்: "உங்க பிசியோ பிரிவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை நோயாளி வர்றாங்க?" சில இடத்தில் போனை வைத்துவிட்டார்கள். ஒரு இடத்தில் கட்டடம் எத்தனை ஏக்கர் என்று சொன்னார்கள். ஊரின் மறுகோடியில் பழைய ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஒரு கல்லூரியில் மட்டும், போனை எடுத்த பெண் பிள்ளை, "எண்பது, தொண்ணூறு வருவாங்க. வரிசையில கத்துறாங்க, சீக்கிரம் கேளும்மா" என்றாளாம். எந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாக எழுதித் தருகிற பொது விண்ணப்பத்தில் அதைத்தான் முதல் இடத்தில் எழுதுவது என்று இவள் முடிவு கட்டிவிட்டாள். அங்கே பிசியோ பிரிவு தரைத்தளத்தில்.

இதற்குள் ஆறாம் மாடியும் ஒரு கண்டுபிடிப்போடு வந்தார். முகமெல்லாம் பல்.

"அக்கா, பிசியோதான் வேணும்னு ஒத்தைக் காலில நிக்கிறா. சரி, படிக்கட்டும். ஆனா கௌரவமா படிக்கட்டும். புதுசா ஒரு காலேஜ். பிசியோ டிப்பார்ட்மென்ட் எந்த மாடியில தெரியுமா? நாலு! முழுக்கக் கண்ணாடி!"

விண்ணப்பத்தை எழுதப்போகிறவள் நேரில் பார்த்தால் நல்லது என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கல்லூரி வாசலில் டை கட்டிய ஒருவர் வரவேற்றார். உள்ளே போனதும் நம்ம ஆள் பழக்கதோஷத்தில் நேராக லிஃப்டைப் பார்த்துப் போனார். கதவில் ‘விரைவில்’ என்று ஒரு காகிதம். தொழில் தெரிந்தவர் அல்லவா, கதவிடுக்கில் விரல் விட்டு ஒரு இழு இழுத்தார். உள்ளே உடைந்த பெஞ்சுகளும் ஒரு துடைப்பமும் இருந்தன.

"லிஃப்ட் ஆர்டர் போட்டாச்சு சார்" என்றார் டை கட்டியவர்.

"எப்ப?"

"காலேஜ் தொடங்கினப்பவே."

நாலு மாடி ஏறினோம். எனக்கு இரண்டாவதிலேயே மூச்சு வாங்கியது. மேலே போய்ப் பார்த்தால், அறை என்றால் அறை, அப்படி ஒரு அறை! வரிசையாக இயந்திரங்கள், எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை. நடை பழகும் கம்பிகளில் கடையில் சுற்றிக் கொடுத்த காகிதம்கூட உரியவில்லை. மூலையில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு நின்றது. மகள் அதன் முன்னால் போய்க் குனிந்து பார்த்தாள்.

"சார், இதுக்கு இடது பாதத்தை வலது காலில மாட்டியிருக்கீங்க."

"அது மாணவர்கள் கண்டுபிடிக்கணும்னு மாட்டினது" என்றார் அந்த மனிதர், கண்ணைக்கூட இமைக்காமல். இவரைத் தேர்தலில் நிறுத்தியிருக்கலாம்.

"நோயாளிங்க எங்கே சார்?"

"வருவாங்கம்மா."

"நடக்க முடியாதவங்கதானே வரணும்? நாலு மாடி எப்படி ஏறுவாங்க?"

"அதான் லிஃப்ட் வருதே!"

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் மாணவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பரிசோதிப்பாங்க. ரொம்ப நல்ல பயிற்சி."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே சுரைக்காயை நாலாவது மாடியில் உறை போட்டு வைத்திருந்தார்கள். நொண்டுகிறவன் ஏற முடியாத இடத்தில் நொண்டுகிறவனுக்கு வைத்தியம் சொல்லித் தருகிற இந்த அதிசயம், ஆள் ஏற்றி இறக்கியே பிழைப்பு நடத்துகிற ஒருவருக்காவது உறைக்கும் என்று பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்று கீழே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

"எவ்வளவு உயரம் பாருங்க அக்கா. மனுஷங்க எல்லாம் தீப்பெட்டி சைஸ்ல தெரியுறாங்க."

மறுநாள், புதன்கிழமை, என் ஜன்னலில் வைத்து விண்ணப்பத்தை என்னை எழுதச் சொன்னார். முதல் இடத்தில் கண்ணாடிக் கல்லூரி. மகள் பக்கத்தில் நின்றாள். "அப்பா, அங்கே நாலரை வருஷம் படிச்சாலும் ஒரு ஆளைத் தொட முடியாது. தொடாம படிச்சா எனக்கு வேலையே தெரியாது. யாராச்சும் என்னை நம்பிக் காலைக் கொடுத்தா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள்.

"நாலாவது மாடியை விட்டுட்டுத் தரைக்குப் போறேங்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல? இதுல போறதுன்னா போ. இல்லாட்டி வீட்டுல இரு." அவர் என் பேனாவை வாங்கி, பட்டயம் எழுதிக் கொடுக்கிற ராஜா மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டார். "வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள போய்ச் சேரணும் அக்கா. நீங்களே அனுப்பிடுங்க." அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். எனக்கு அந்த நிமிஷம் அவரைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்க வேண்டும் போல இருந்தது.

வியாழனும் வெள்ளியும் லிஃப்டுக்கு வருஷாந்திரப் பராமரிப்பு. இரண்டு நாள் ஓடாது. மேல்மாடி டாக்டர்கள் தரைத்தளத்தில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்தார்கள். கண்காணிப்பாளர் நம்ம ஆளைச் சும்மா விடவில்லை. "நீ பின்வாசலுக்குப் போ. கீழ்த்தளத்துக்கு வர்ற வீல்சேரை எல்லாம் சரிவுப் பாதையில மெதுவா எறக்கி விடு" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஸ்டூல் முதல் முறையாக இடம் மாறிப் பின்வாசல் படிக்கட்டின் தலைமாட்டுக்குப் போயிற்று. வியாழக்கிழமை அவருக்கு வீல்சேர் தள்ளவே நேரம் சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கூட்டம் குறைவு. சும்மா உட்கார்ந்திருந்தார்.

பதினோரு மணிக்கு நான் தேநீர் குடிக்கப் பின்வாசலுக்குப் போனேன். கீழேயிருந்து மேடத்தின் குரல் வந்தது. "ஏறும்போது நல்ல கால் முதல்ல! நோவுற கால் அப்புறம்! யாரு மாத்தி வைக்கிறது?" படியில் ஒரு தடி தட்டுகிற சத்தம். திருப்பத்தில் ஒரு தலை தெரிந்தது. பிறகு தோள். பிறகு முழு ஆள்.

கொத்தனார்.

ஆறாம் மாடி ஸ்டூலிலிருந்து எழுந்தார். இதய டாக்டருக்குக்கூட அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை.

"என்னய்யா பேயைப் பாத்த மாதிரி முழிக்கிறே? நான்தான்" என்றார் கொத்தனார்.

"நீ... நீங்க இருக்கீங்களா?"

"பின்னே? அடுத்த வாரம் வேலைக்குப் போறேன். சாரத்துல ஏறக் கூடாதாம், தரையில நின்னு பூசலாமாம். ஏன்யா, நாலு வாரம் தள்ளிட்டுப் போனியே, அப்புறம் என்ன ஆனேன்னு எட்டிப் பாத்தியா?"

அவருக்குப் பின்னால், சரியாக ஒரு படி கீழே, மேடம் இரண்டு கையையும் தயாராக வைத்துக்கொண்டு ஏறி வந்தார். கொத்தனார் போனதும் தபால்காரர் ஒருவர் வந்தார். ஆறாம் மாடி வாய் திறந்து, "நீங்களுமா?" என்றார். அடுத்து ஒரு கடைக்காரம்மா. இடுப்பு உடைந்து வந்தவர். "நீங்களுமா?" நான் தேநீரை மறந்துவிட்டேன். என் ஜன்னலில் வரிசை என்னைச் சபித்துக்கொண்டிருந்திருக்கும், சபிக்கட்டும். மனதுக்குள் காரியம் பண்ணி முடித்த ஆட்கள் எல்லாம் ஒவ்வொருவராக எழுந்து படியேறி வந்து, வணக்கம் சொல்லிவிட்டுப் போகிற காட்சி தினமும் கிடைக்குமா?

அவர் என்னிடம் திரும்பி, "இத்தனை நாளா ஏன் யாரும் எனக்குச் சொல்லல?" என்று கோபித்துக்கொண்டார்.

"உங்க பொண்ணு சொன்னா. காதுல பூ சுத்துறான்னு சொன்னீங்க."

அவர் பதில் சொல்ல வாய் எடுப்பதற்குள் மறுபடியும் காலடிச் சத்தம். மெதுவாக. தடி இல்லை. கைப்பிடியில் ஒரு கை முதலில் தெரிந்தது, சலவைச் சோப்பில் வெந்து தோல் உரிந்த கை. அவர் மனைவி. உதடு அசைந்துகொண்டிருந்தது, "நல்ல கால்... நோவுற கால்..." என்று. இடது காலை வைக்கும்போது முகம் ஒரு கணம் சுருங்கியது. எங்களைப் பார்த்ததும் உதட்டை மூடிக்கொண்டாள்.

"நீ என்ன இவங்க கூட?" என்றார்.

"எட்டு மாசமா மேடம்கிட்டதான் பாத்துக்கிறேன். முட்டி."

"எந்த முட்டி?"

"இடது."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

அவள் கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். "சொன்னேன். பதினோரு வருஷமா படியேறி முட்டி விட்டுப்போச்சு, லிஃப்டுல ஏத்திக்கோங்கன்னு ஒரு நாள் கேட்டேன். நீங்க பலகையைக் காட்டினீங்க."

அங்கேதான் என் நினைப்பிலும் மண் விழுந்தது. ஊரில் யாருக்கு எங்கே வலி என்று எழுதுகிறவள் நான். எட்டு மாசமாக எனக்கும் தெரியாது. பக்கத்து அறைக்குப் போவதற்கு யார் சீட்டு வாங்குவார்கள்? அவரை மட்டும் குருடர் என்று சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது.

"உங்க பொண்ணுதான் கண்டுபிடிச்சு மேடம்கிட்ட இழுத்துட்டுப் போனா" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போனாள். ஆறாம் மாடி ஸ்டூலில் உட்காரவில்லை.

மூன்றரை மணிக்கு என் ஜன்னலுக்கு ஓடி வந்தார். வரிசையில் நின்றவர்களை எல்லாம் ஒதுக்கிவிட்டுத் தலையை உள்ளே நீட்டினார்.

"அக்கா, அந்த விண்ணப்பம் போயிடுச்சா? மாத்தணும் அக்கா. அந்தப் பழைய காலேஜ், தரைத்தளம், அதை முதல்ல போடணும். நாலு மணிக்குள்ள நான் ஓடிப்போய்க் கொடுத்துடுறேன். போயிடுச்சா?"

ஒரு நிமிஷம் அவரைத் தவிக்க விட்டேன். பாவம்தான், ஆனால் அந்தப் பெண் அழுததை நான் பார்த்தவள். பிறகு இழுப்பறையைத் திறந்து, ராஜா கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"இது போகல. வேற ஒண்ணு புதன்கிழமை சாயங்காலமே போயிடுச்சு. பழைய காலேஜ், முதல் இடம்."

"என் கையெழுத்து இல்லாமலா?"

விண்ணப்பத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை விரல் வைத்துக் காட்டினேன். ‘தாய் அல்லது தந்தை கையொப்பம்.’

"உங்க வீட்டம்மா போட்டாங்க. கீழ, விரிப்பு மடிக்கிற மேஜையில வச்சு. நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

மாற்றி எழுதுகிற மாதிரி நடித்து, நல்ல அப்பா என்ற பட்டத்தை அவருக்கே கொடுத்து அனுப்பியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. அவர் அந்த வரியை இரண்டு தரம் படித்தார். தன்னைத் தவிர இன்னொருவர் கையெழுத்தும் செல்லும் என்பது அவருக்குப் புதுச் செய்தி. திட்டுவார் என்று காத்திருந்தேன். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பெண்ணுக்கு அந்த இடமே கிடைத்தது. முதல் வாரமே அங்கே ஒரு கிழவரின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாளாம், அதை என்னிடம் மூன்று தரம் சொன்னாள். கல்லூரி முடிந்து வழக்கம்போல அம்மாவைக் கூட்டிப்போக வந்துவிடுவாள்.

ஆறாம் மாடி அதற்காக மகானாகிவிடவில்லை. இதய டாக்டருக்கு இன்னமும் முழுசாகத்தான் எழுந்திருக்கிறார். ஆனால் போன வாரம் ஒரு சாயங்காலம், மூட்டையைத் தள்ளிக்கொண்டு கீழ்த்தள லிஃப்ட் வாசலுக்கு வந்த மனைவியை அவரே கூப்பிட்டாராம். என்னிடம் மகள்தான் சொன்னாள்.

"இந்தா, நீயும் ஏறு."

"பலகை?"

"பலகை கெடக்குது, ஏறு."

அவள் மூட்டையை மட்டும் உள்ளே தள்ளிவிட்டு, "முடியாதுங்க. தினம் ரெண்டு தரம் படியிலதான் ஏறணும்னு மேடம் சொல்லியிருக்காங்க. இப்பதான் முட்டி வலுவாகுது" என்று சொல்லிவிட்டுப் படிப்பக்கம் நடந்தாளாம். பதினோரு வருஷம் கழித்துத் திறந்த கதவு. அதில் ஏற ஆள் இல்லை.

அவர் கதவைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். மகள் அம்மாவுக்குப் பின்னால் போகாமல் அவரைப் பார்த்து, "அப்பா, வாங்க. ஒரு படி கீழ நிக்கணும். விழுந்தா பிடிக்கிறதுக்கு" என்றிருக்கிறாள்.

இவ்வளவும் கீழே நடந்துகொண்டிருந்தபோது எனக்கு எதுவும் தெரியாது. ஆறாவது மாடியிலிருந்து லிஃப்டைக் கூப்பிடுகிற மணி மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. லிஃப்ட் வரவில்லை. என் ஜன்னலில் நின்ற ஒருவர் பொறுமை இழந்து, "எங்கம்மா அந்த லிஃப்ட்காரர்?" என்றார். நான் எழுந்து, மருந்து கொடுக்கும் இடத்தைச் சுற்றிப் போய், படிக்கட்டில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"கீழ போயிருந்தார். வந்துக்கிட்டிருக்கார்."

"எப்ப வருவார்?"

"படியில வர்றார். நேரமாகும்."